தீவும் வேண்டும், தனிமையும் வேண்டும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பெயர் பெற்ற தீவுகள் எல்லாமே கூட்டம், விலையும் எக்கச்சக்கம். யாருக்கும் தெரியாத தீவாகப் பார்த்துப் போனால் அமைதியும் கிடைக்கும், செலவும் குறையும்தானே?

பதில்: அமைதி கிடைக்கலாம். செலவு குறையும் என்று சொல்ல முடியாது. ஆள் போகாத தீவில் முட்டை முதல் டீசல் வரை எல்லாம் படகில்தான் வந்து சேர வேண்டும். இருப்பதே இரண்டு விடுதி என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை. படகு வாரத்துக்கு மூன்று நாள்தான் என்றால், திரும்பி வருவதற்காகவே ஓர் இரவு கூடுதலாகத் தங்க நேரும்.

பெயர் பெற்ற தீவுக்குப் பக்கத்துத் தீவையோ, அதே தீவின் மறுபக்கத்தையோ தேடுங்கள். விமானமும் படகும் பெரிய தீவின் புண்ணியத்தில் மலிவாகக் கிடைக்கும். கூட்டம் மட்டும் உங்களோடு வராது. இந்தோனேசியாவில் லொம்போக் கரையோரம் கிலி தீவுகள் மூன்று இருக்கின்றன. மூன்றிலுமே மோட்டார் வண்டிக்கு இடமில்லை. ஆனால் திரவாங்கானில் இரவு வெகுநேரம் பாட்டுச் சத்தம். அதற்கு அடுத்த மெனோவில் இருட்டியதும் ஊர் அடங்கிவிடும். தாய்லாந்தில் பி பி தீவின் நெரிசல் பிடிக்காதவர்களுக்கு கோ லன்டா இருக்கிறது. அதன் மேற்குக் கரை நீளமானது, கூட்டம் பரவிவிடும். வடக்கே கடைகண்ணி அதிகம். தெற்கே போகப் போக ஆள் குறையும்.

இன்னொன்று, பகல்நேரப் படகுக் கூட்டம். பக்கத்துத் தீவிலிருந்து காலையில் வந்திறங்கி மாலையில் கிளம்பிவிடும் பயணிகள் இவர்கள். செஷல்ஸில் லா டிக் தீவின் ஆன்ஸ் சூர்ஸ் தர்ஜான் கடற்கரை நடுப்பகலில் ஜே ஜே என்றிருக்கும். அதே தீவில் தங்குபவர் காலையிலேயே சைக்கிளில் போய்விட்டால் கரை அவருக்குத்தான். ‘கூட்டமான இடம்’ என்று ஒதுக்குவதற்கு முன், எந்த மணிக்குக் கூட்டம் என்று பாருங்கள்.

கேள்வி: சீசன் இல்லாத மாதத்தில் அறை வாடகை பாதிக்குப் பாதி குறைகிறதே, துணிந்து போகலாமா? நாள் முழுக்க மழை பெய்யுமா?

பதில்: வெப்பமண்டல மழை பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். மழைக்குப் பயப்பட வேண்டியதில்லை. காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். காற்று அடித்தால் கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கும், சிவப்புக் கொடி ஏறும், படகு ரத்தாகும். வானம் பளிச்சென்று இருந்தும் கடலில் கால் வைக்க முடியாத வாரங்கள் உண்டு.

ஆகவே மாதத்தையும் கரையையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். இலங்கையில் மிரிஸ்ஸ, உனவட்டுன போன்ற தென்கரை ஊர்களுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும் அங்கே கடல் முரடாகிவிடும். அப்போதுதான் கிழக்கே நிலாவெளியும் பாசிக்குடாவும் அமைதியாகும். செப்டம்பர் வரை அங்கே போகலாம். தாய்லாந்திலும் இதே கதைதான். அந்தமான் கடல் பக்கம் உள்ள புக்கெட், கிராபி, லன்டாவுக்கு மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். தாய்லாந்து வளைகுடாப் பக்கம் உள்ள கோ சமுய், கோ பங்கானில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் கனமழை, அதிலும் நவம்பர் மோசம். ஜூலையில் ‘தாய்லாந்தில் மழை’ என்று பயணத்தைக் கைவிடுபவர் சமுய் பக்கம் திரும்பியிருக்கலாம்.

மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், ரெடாங் வேறு வகை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் பெரும்பாலான விடுதிகளை மூடியே விடுவார்கள். அந்த மாதங்களில் மலிவு விலை கண்ணில் பட்டால், திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கரீபியனில் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் ஆகஸ்ட் பின்பாதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. அருபா, பொனேர், குராசோ ஆகிய மூன்றும் வெனிசுவேலாவை ஒட்டித் தெற்கே தள்ளி இருப்பதால் சூறாவளிப் பாதைக்கு வெளியே. அந்த மாதங்களில் கரீபியன்தான் வேண்டும் என்றால் இவற்றைப் பாருங்கள்.

விலைக்கும் கடலுக்கும் ஒத்துவருவது சீசனின் இரண்டு ஓரங்கள். மாலத்தீவுக்கு நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் நெருங்கியதும் விலை ஏறும். புத்தாண்டு முடிந்து ஒரு வாரம் வரை இறங்காது.

கேள்வி: படத்தில் அறை வாசலிலேயே நீலக்கடல். போய்ப் பார்த்தவர்கள் கடல் எங்கோ இருந்தது, சேறும் பாசியும்தான் தெரிந்தது என்கிறார்கள். ஏமாற்றா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டோம். கடல் ஏறியிருந்த நேரத்தில் எடுத்த படம், அவ்வளவுதான். தான்சானியாவின் சான்சிபார் தீவில், கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி பக்கம் கடல் வற்றும்போது பல நூறு மீட்டர், சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் வரைகூட உள்வாங்கிவிடும். நீந்த முடியாது, கடல் முள்ளெலிகள் கிடப்பதால் வெறுங்காலோடு நடக்கவும் கூடாது. அதே தீவின் வடமுனையில் நுங்வி, கெண்ட்வாவில் கடல் ஆழமாகவே இறங்குவதால் எந்நேரமும் நீந்தலாம். அதனால்தான் அங்கே கூட்டமும் விலையும் அதிகம். கிழக்குக் கரை மலிவாக இருப்பதற்கும் இதுவே காரணம். நீச்சல் முக்கியமில்லை, காலையில் நீள நடக்க வேண்டும், காற்றாடிச் சறுக்கு (கைட் சர்ஃபிங்) பழக வேண்டும் என்பவருக்குக் கிழக்குக் கரைதான் லாபம்.

தேதி குறிக்கும் முன் நாட்காட்டியில் திதி பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். அட்டமியை ஒட்டி இரண்டுமே குறைவு. பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். முதல் நாள் காலை 9 மணிக்கு வற்றினால், நான்காம் நாள் பதினொன்றரைக்குத்தான் வற்றும். நான்கு நாள் பயணத்தில் நான்கு காலைகளும் சேறாகவே போய்விட வாய்ப்பு உண்டு என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும். ஊரின் பெயரோடு ‘கடல் ஏற்ற அட்டவணை’ என்று தேடினால் வருகிற தேதிக்குரிய நேரங்களும் உயரங்களும் கிடைக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உயர வித்தியாசம் 3 மீட்டருக்கு மேல் என்றால் யோசியுங்கள். மாலத்தீவில் இது ஒரு மீட்டர் அளவுதான், கரீபியனில் பெரும்பாலும் அதற்கும் குறைவு. அங்கே இந்தக் கவலை தேவையில்லை.

கேள்வி: சின்னப் பிள்ளைகளோடு போகிறோம். ஒரு கடற்கரை பாதுகாப்பானதா என்று போகாமலே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: பாதி தெரிந்துகொள்ளலாம். கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரையிலிருந்து தள்ளி வெள்ளை நுரைக்கோடு நீளமாகத் தெரிந்தால் அது பவளத்திட்டின் விளிம்பு. அலை அங்கேயே உடைந்துவிடும், உள்ளே குளம் மாதிரி இருக்கும். நுரை கரையிலேயே ஒட்டி இருந்தால் அலை நேரே மோதுகிறது என்று பொருள், பிள்ளைகளுக்கு ஆகாது. வெளிர் பச்சைநீலம் என்றால் மணல் தரை, கால் ஊன்றலாம். பழுப்புத் திட்டு என்றால் பவளமோ கடற்புல்லோ; காலுக்கு ரப்பர் செருப்பு வேண்டும்.

நுரைக்கோட்டில் ஓர் இடைவெளி, அதற்கு நேராக அடர்நீல வாய்க்கால் தெரிகிறதா? திட்டைத் தாண்டி உள்ளே வந்த தண்ணீர் வெளியேறும் வழி அது. இழுப்பு பலமாக இருக்கும். பார்ப்பதற்கு அலையே இல்லாத இடமாகத் தெரிவதால் புதியவர்கள் தேடிப்போய் இறங்குவதும் அங்கேதான். யாராவது இழுப்பில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது. மிதந்தபடி பக்கவாட்டில் விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

இலங்கையின் பாசிக்குடா பிள்ளைகளுக்கு ஏற்ற கரை: திட்டு தடுப்பதால் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். மே முதல் செப்டம்பர் வரை போங்கள்.

கேள்வி: மாலத்தீவு நமக்குக் கட்டுப்படியாகுமா? சொகுசு விடுதித் தீவுக்கும் உள்ளூர் மக்கள் வாழும் தீவுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: அங்கே சுற்றுலா 1972-ல் தொடங்கியது. நெடுங்காலம் பயணிகள் விடுதித் தீவுகளில்தான் தங்க முடிந்தது. 2009 வாக்கில் விதி தளர்ந்த பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் வந்தன. மத்தியதர வருமானக்காரருக்கு மாலத்தீவு திறந்தது அப்போதுதான். மாஃபுஷி பெரிய பெயர், நெருக்கமும் அதிகம். அமைதி வேண்டுவோர் திகுரா, தொட்டூ பக்கம் பார்க்கலாம். திகுரா 3 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடிசலான தீவு; ஒரு முனையில் நீண்ட மணல்திட்டு; அருகே திமிங்கிலச் சுறாக்கள் நடமாடும் கடற்பகுதி. தொட்டூவில் தர்ப்பூசணியும் பப்பாளியும் விளைகின்றன.

உள்ளூர்த் தீவில் மது கிடையாது. நீச்சல் உடையில் இருக்க ‘பிகினி பீச்’ என்று தனியாக ஒதுக்கிய இடம் உண்டு. ஊருக்குள் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்த வேண்டும். அரசுப் படகுகள் வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் ஓடாது. இவை உங்களுக்குச் சரி என்றால் செலவு பல மடங்கு குறையும்.

விடுதித் தீவின் விலையைப் படிக்கும்போது ‘++’ என்ற குறியைத் தவறவிடாதீர்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அதற்கு அர்த்தம். அறை 100 டாலர் என்று போட்டிருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்து 110. அதன் மேல் 17 சதவீதச் சுற்றுலா வரி சேர்ந்து 128.70. இது போகப் பசுமை வரி, ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர்; 50 அறைக்குக் குறைவான உள்ளூர் விருந்தினர் இல்லம் என்றால் 6 டாலர். இருவர் ஐந்து இரவு தங்கினால் இந்த ஒரு வரியே 120 அல்லது 60 டாலர்.

கடைசியாக, போக்குவரத்து. கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் தலைநகர் மாலே வந்திறங்கினால் அன்றிரவு அங்கேயே தனியாக அறை எடுக்க வேண்டும். விரைவுப் படகில் போகக்கூடிய தீவையே தேர்ந்தெடுங்கள், நல்ல தொகை மிஞ்சும். உணவைப் பொறுத்தவரை, விடுதித் தீவில் வேறு கடை இல்லாததால் மூன்று வேளையும் சேர்ந்த திட்டம்தான் நல்லது. உள்ளூர்த் தீவில் காலை உணவு மட்டும் போதும்.

கேள்வி: விடுதிக்காரரிடம் ‘அமைதியாக இருக்குமா’ என்று கேட்டால் யாருமே ‘இல்லை’ என்று சொல்வதில்லை. எப்படித்தான் கேட்பது?

பதில்: அப்படிக் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறதா? ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடும்? படகுத்துறை எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது? பக்கத்தில் பாட்டுப் போடும் பார் உண்டா, எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள்? அறைக்கும் கடலுக்கும் நடுவே சாலை ஓடுகிறதா? எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். அறை மாற்றித் தரச் சொல்லும்போது உதவும்.

விமர்சனங்களை நட்சத்திரம் பார்த்துப் படிப்பதில் பயனில்லை. புதியவை முதலில் வரும்படி வைத்து, நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதியவற்றைத் தேடி, சத்தம், கட்டுமானம், பாசி, கொசு என்ற சொற்களைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் ஒரே குறையைச் சொன்னால் நம்பலாம்.

கேள்வி: கரீபியன் கரைகளில் பாசி நாற்றம் என்கிறார்களே?

பதில்: சர்காசம் என்ற மிதக்கும் பாசி. 2011 முதல் பெருமளவில் ஒதுங்குகிறது, பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. அழுகும்போது முட்டை நாற்றம் வரும். காற்றும் நீரோட்டமும் கிழக்கிலிருந்து வருவதால் கிழக்குக் கரையில்தான் குவியும். அதே தீவின் மேற்குக் கரையில் அறை எடுங்கள்.

கேள்வி: நான்கு இரவு போதுமா? கடைசி நாளே படகைப் பிடித்து விமானம் ஏறலாமா?

பதில்: படகு மாறிப் போகும் தீவுக்கு நான்கு இரவு என்றால் கையில் மிஞ்சுவது மூன்று பகல்தான். போக்குவரத்துச் செலவு மூன்று இரவுக்கும் ஏழு இரவுக்கும் ஒன்றே என்பதால், ஆறேழு இரவு தங்கினால் நாள் கணக்கில் மலிவாக வரும். ஒரே தீவில் இருங்கள். மூன்று தீவு சுற்றினால் விடுமுறை படகுத்துறையிலேயே கழியும்.

கடைசி இரவை விமான நிலையம் உள்ள தீவிலோ ஊரிலோ வைத்துக்கொள்ளுங்கள். படகு ரத்தானதற்காக விமான நிறுவனம் காத்திருக்காது, தனித்தனி டிக்கெட் என்றால் பணமும் திரும்பாது. பயணக் காப்பீட்டை டிக்கெட் போட்ட கையோடு எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். ஆழ்கடல் முக்குளிப்பு உண்டென்றால் கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள்; அந்தக் கடைசி இரவு அதற்கும் சேர்த்துப் பயன்படும்.