பத்து வருஷத்துக்கு ஒரே வண்டி: மின்சார எஸ்யூவி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: முதல் முறையாக ஒரு சொகுசு மின்சார எஸ்யூவி வாங்கி, அதையே நெடுங்காலம் வைத்திருக்க வேண்டும் என்பது. பதினெட்டு வருஷமாகப் பட்டறையில் நிற்கிறேன். கடைசி எட்டு வருஷமாக மின்சார வண்டிகளை மட்டுமே பார்க்கிறேன். சொந்தமாக ஓட்டுவதும் அப்படி ஒரு எஸ்யூவிதான். மூன்று வருஷம் ஓடிய வண்டியாக வாங்கினேன். இப்போது அதற்கு எட்டு வயது, 1,42,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பன்னிரண்டு வருஷமாக ஒரே பெட்ரோல் காரை ஓட்டுகிறேன். வண்டியை அடிக்கடி மாற்றும் பழக்கம் கிடையாது, அடுத்ததையும் பத்து வருஷமாவது வைத்திருப்போம். வீட்டில் ஐந்து பேர். பி.எம்.டபிள்யூ. ஐஎக்ஸ், வால்வோ இஎக்ஸ்90, கியா இவி9 மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டோம், மூன்றும் பிடித்திருக்கிறது. பேட்டரி செத்துப்போனால் என்ன செய்வது என்ற பயம்தான் கையைப் பிடித்து இழுக்கிறது. எதை வாங்கலாம்?

பேட்டரி பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். இந்த அளவு பேட்டரி திடீரென்று சாவது அபூர்வம். மெல்ல மெல்லத் தேயும். பெரும்பாலான நிறுவனங்கள் 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று வாரண்டி தருகின்றன. 2022-ல் ஐ.நா.வின் வாகன விதிமுறை மன்றம் வகுத்த உலகத் தொழில்நுட்ப விதியும் அதே எல்லையைத்தான் சொல்கிறது. அதோடு 5 வருஷம் அல்லது 1,00,000 கி.மீ. வரை 80 சதவீதம் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. என் வண்டியைப் போன மாதம் சோதித்தேன், 90 சதவீதம் காட்டியது. ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50-ல் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு ஏறக்குறைய 105 யூனிட் (கிலோவாட்-ஹவர்). அது 70 சதவீதமாகத் தேய்ந்தாலும் 73 யூனிட் மிச்சம் இருக்கும். தினசரி ஓட்டத்துக்கு அது தாராளம்.

அப்படியானால் எட்டாவது, ஒன்பதாவது வருஷத்தில் என் பட்டறைக்கு வண்டிகள் எதற்காக வருகின்றன? பெரும்பாலும் யாரும் வாங்கும்போது கேட்காத விஷயங்களுக்காக.

ஒரு நாள் விடியற்காலையில் ஊருக்குக் கிளம்பப் பெட்டியோடு நிற்கிறேன், வண்டி திறக்கவில்லை. சாவியில் பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை. பெரிய பேட்டரியில் 88 சதவீதம் சார்ஜ் இருக்கிறது, ராத்திரிதான் பார்த்தேன். சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை உருவி, கைப்பிடியின் ஓரத்தில் இருந்த மூடியை நெம்பி எடுத்துக் கதவைத் திறந்தேன். திரைகள் எல்லாம் கறுப்பு. செத்துப்போயிருந்தது சின்ன 12 வோல்ட் பேட்டரி, பெட்ரோல் காரில் இருக்கும் அதே ரகம். பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சை மூடுவதற்கே அந்தச் சின்ன பேட்டரியின் மின்சாரம் வேண்டும். அது இல்லையென்றால் 100 யூனிட் இருந்தும் வண்டி நகராது. கைபேசிச் செயலியோடு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருந்து, வண்டி தானே அதைக் காலி செய்திருக்கிறது. இப்போது நாலு வருஷத்துக்கு ஒருமுறை, கேட்காமலே அதை மாற்றிவிடுகிறேன்.

அடுத்தது ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்குகிற அமைப்பு. ஒரு காலையில் என் வண்டியின் இடது பின்பக்கம் மட்டும் தரையோடு உட்கார்ந்திருந்தது. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு, காற்றுப் பையின் மடிப்பில் தடவினேன். கடுகு அளவு குமிழிகள் வரிசையாக எழுந்தன. ரப்பர் மடிகிற இடத்தில் மயிரிழை வெடிப்பு. அதை விட்டுவிட்டால், கசிகிற காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடேறி அதுவும் போய்விடும். ஏர் சஸ்பென்ஷன் கொடுக்கும் சுகத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் ரப்பருக்கு வயசாகாமல் இருக்காது. பத்து வருஷம் வைத்திருப்பவர் ஸ்டீல் ஸ்பிரிங் கிடைக்கிற வண்டியை எடுப்பதே நல்லது. இவி9-ல் ஏர் சஸ்பென்ஷனே கிடையாது. ஐஎக்ஸில் அது இல்லாத வடிவமும் உண்டு.

மூன்றாவது, கம்ப்யூட்டர். டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளின் ஆரம்ப வருஷத் திரைகளுக்குப் பின்னால் 8 ஜி.பி. மெமரி சிப் ஒன்று இருந்தது. எழுதி எழுதி அழித்து அது தேய்ந்தபோது, திரையோடு பின்பக்கக் கேமராவும் போனது. 2021-ல் சுமார் 1,35,000 வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். இஎக்ஸ்90 மென்பொருள் வேலை முடியாமல் தாமதமாகத்தான் வாடிக்கையாளர் கைக்கு வந்தது. அப்புறம் 2026 மாடலுக்கு 800 வோல்ட் அமைப்பையும் வலுவான கம்ப்யூட்டரையும் கொண்டுவந்தார்கள். பழைய வண்டிக்காரர்களுக்கும் அந்தக் கம்ப்யூட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக வால்வோ அறிவித்தது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் எந்த வண்டியையும் முதல் வருஷத் தயாரிப்பில் வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

சரி, உங்கள் மூன்றில் எது? ஐஎக்ஸில் ஐந்து இருக்கைதான், மூன்றாவது வரிசை கிடையாது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஒன்றாகப் போகிற வீட்டில் அது அடிக்கடி நெருக்கும். ஆனால் ஓட்டுவதற்கு அவ்வளவு அமைதியான வண்டி. மோட்டாரில் நிரந்தரக் காந்தம் இல்லாத வடிவமைப்பு என்பதும் எனக்குப் பிடிக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அதன் முன் பானட்டை உங்களால் திறக்க முடியாது, சர்வீஸ் ஆள்தான் திறப்பார். கண்ணாடி கழுவும் தண்ணீரை ஊற்ற, மூக்கில் இருக்கும் முத்திரையை அழுத்தினால் சின்ன வாய் ஒன்று திறக்கும். இவி9-ஐச் சொகுசு வண்டி என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. என் கணக்கில் மூன்றாவது வரிசையிலும் பெரியவர் ஒருவர் நிம்மதியாக உட்காருவது பெரிய சொகுசு. அதன் 99.8 யூனிட் பேட்டரி, தகுந்த ஃபாஸ்ட் சார்ஜர் கிடைத்தால், 10-லிருந்து 80 சதவீதத்துக்கு ஏறக்குறைய 24 நிமிஷத்தில் ஏறிவிடும். ஐந்து பேர், பத்து வருஷம் என்று நீங்கள் எழுதியிருப்பதால் என் ஓட்டு இவி9-க்கு.

இந்த ஓட்டுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஷோரூமுக்குப் பின்னால் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். உயர் மின்னழுத்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பேட்டரியில் ஒரு மாட்யூல் (செல்கள் சேர்ந்த ஒரு தொகுதி) போனால் அதை மட்டும் மாற்றுவார்களா, முழுப் பேட்டரியையும் கழற்றி அனுப்புவார்களா என்று கேளுங்கள். பேசிக்கொண்டே பின்கொல்லையை ஒரு பார்வை பாருங்கள். கண்ணாடியில் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி படிந்த வண்டிகள் நின்றால், அவை உதிரிபாகத்துக்குக் காத்திருக்கின்றன. ஒன்றிரண்டு என்றால் சகஜம். ஏழெட்டு நின்றால், ஒன்பதாவது வருஷத்தில் உங்கள் வண்டியும் அந்த வரிசையில் நிற்கும். அப்போது என் ஓட்டை மறந்துவிட்டு, பின்கொல்லை காலியாக இருக்கிற நிறுவனத்தின் வண்டியை எடுங்கள்.

கேள்வி: புதிது வேண்டாம், பழையது போதும் என்று நினைக்கிறோம். ஆடி இ-ட்ரான், ஜாகுவார் ஐ-பேஸ், மெர்சிடிஸ் இக்யூசி மூன்றும் கண்ணில் படுகின்றன. மூன்றையுமே நிறுத்திவிட்டார்களாமே?

ஆமாம். இக்யூசி தயாரிப்பு 2023-ல் நின்றது, ஐ-பேஸ் 2024-ல். இ-ட்ரான் பிறகு க்யூ8 இ-ட்ரான் என்று பெயர் மாறி, 2025 பிப்ரவரியில் பிரசல்ஸ் ஆலையோடு முடிந்தது. மாடல் நிற்பது வேறு, நிறுவனமே போவது வேறு. ஃபிஸ்கர் நிறுவனம் 2024 ஜூனில் திவால் மனு கொடுத்தபோது, ஓஷன் எஸ்யூவி வாங்கியவர்கள் மென்பொருளுக்கும் உதிரிபாகத்துக்கும் தாங்களே சங்கம் சேர்ந்து வழி தேட வேண்டி வந்தது. அந்த நிலைமை இந்த மூன்றுக்கும் இல்லை.

மூன்றில் எனக்கு இ-ட்ரான் மேல்தான் நம்பிக்கை. ஆரம்ப மாடலில் 95 யூனிட் பேட்டரி போட்டு, அதில் 84-க்குப் பக்கத்தில்தான் ஓட்ட அனுமதித்தார்கள். மீதி கையிருப்பாகவே இருந்ததால் செல்கள் அதிகம் வருந்தவில்லை. உள்ளே 36 மாட்யூல்கள், ஒவ்வொன்றையும் தனியாக மாற்றலாம். இக்யூசி, ஜிஎல்சி என்ற பெட்ரோல் வண்டியின் அடித்தளத்தில் பிறந்தது. அதனால் சஸ்பென்ஷன் மாதிரி சாமான்களுக்குத் திண்டாட வேண்டியிருக்காது. ஐ-பேஸ் ஓட்ட ரொம்ப அழகான வண்டி, 2019-ல் உலகின் சிறந்த கார் விருது வாங்கியது. ஆனால் பேட்டரி தீப்பிடிக்கும் அபாயத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட மாடல் அது. வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த வேலை முடிந்ததா என்று எழுத்தில் வாங்காமல் தொடாதீர்கள்.

எதுவானாலும் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை கேளுங்கள். திரையில் காட்டும் ரேஞ்சை, அதாவது இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்ற கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். முந்தைய ஓட்டுநர் மெதுவாக ஓட்டியிருந்தால் அது ஏறிக் காட்டும். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, பேட்டரியின் அடித்தட்டில் நசுங்கல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நசுங்கல் இருந்தால் வாரண்டி கேட்கும்போது அதைக் காரணம் காட்டுவார்கள். பின் பிரேக் டிஸ்க்கையும் பாருங்கள். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் அதிகம் உழைப்பதில்லை, துருப்பிடித்துப் போகிறது.

கேள்வி: தினமும் 100 சதவீதம் ஏற்றலாமா?

அது செல் எந்த ரகம் என்பதைப் பொறுத்தது. சொகுசு எஸ்யூவிகளில் பெரும்பாலும் நிக்கல் சார்ந்த செல்கள்தான். அவற்றுக்குத் தினசரி 80 சதவீதம் போதும். நீண்ட பயணம் என்றால் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக 100 எட்டும்படி டைமர் வையுங்கள். முழுதாக ஏற்றி வெயிலில் நாள்கணக்கில் நிறுத்துவதுதான் செல்லை வேகமாக மூப்படைய வைக்கிறது. எல்.எஃப்.பி. எனப்படும் இரும்பு பாஸ்பேட் ரகமாக இருந்தால், கொள்ளளவைச் சரியாகக் கணிக்கவே அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள். வண்டியின் கையேட்டில் இருப்பதைச் செய்யுங்கள்.

கேள்வி: மகன் 22 அங்குல வீல்தான் வேண்டும் என்கிறான். 20 அங்குலம் அசிங்கமாக இருக்கிறதாம்.

20 அங்குலமே வாங்குங்கள். இந்த வண்டிகள் இரண்டரை டன் எடை. பெரிய வீல் போட்டால் டயரின் ரப்பர்ச் சுவர் மெலிந்துபோகும், ஒரு குழியில் விழுந்தால் ரிம் வளையும், ரேஞ்சும் குறையும். பெரும்பாலானவற்றில் ஸ்டெப்னி கிடையாது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். அப்புறம், டயர் மாற்றும்போது எடை தாங்கும் குறியீடு பழைய டயரில் உள்ளதற்குக் குறையவே கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் வலி. அவருக்காகத்தான் உயரமான வண்டி தேடுகிறேன். என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு நிறைந்தது, சகோதரி. அம்மாவையும் கூட்டிக்கொண்டே போங்கள். பேட்டரி தரைக்குக் கீழே இருப்பதால் சில வண்டிகளில் கால் வைக்கும் தளம் உயர்ந்து, பின் இருக்கையில் முழங்கால் மேலே தூக்கி நிற்கும். பத்து நிமிஷம் உட்கார்ந்தால் தெரியாது, ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம் கதவு. இந்த வண்டிகள் பலவற்றில் கதவு மின்சாரத்தில் திறக்கிறது. விபத்திலோ, நான் மேலே சொன்ன மாதிரி சின்ன பேட்டரி போனாலோ, கையால் திறக்கும் மாற்று வழி எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். சிலவற்றில் கைப்பிடியையே இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தால் போதும். டெஸ்லா மாடல் எக்ஸின் பின்கதவில், ஸ்பீக்கர் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் கம்பியை இழுக்க வேண்டும். விற்பனையாளரிடம் பின் இருக்கைக்கான வழியைக் காட்டச் சொல்லுங்கள். அவர் தேடினால் பொறுமையாக நில்லுங்கள், கண்டுபிடிக்கட்டும். அதன் பிறகு அம்மாவை உட்கார வைத்து, அவர் கையாலேயே இழுத்துத் திறக்கச் சொல்லுங்கள். அவர் கைக்கு எட்டவில்லை, அல்லது விரலில் அவ்வளவு பலம் இல்லை என்றால், மற்ற எல்லாம் பிடித்திருந்தாலும் அந்த வண்டி உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.