குத்தகை உங்கள் பெயரில், குழியும் உங்கள் கணக்கில்

கேள்வி: எங்கள் பட்டா நிலத்தில் கல்குவாரி நடத்த உறவினர் மூலம் வந்த ஒருவருக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தேன். அரசு குத்தகை என் பெயரில். அவருக்கு பவர் எழுதிக் கொடுத்தேன். அனுமதித்த ஆழத்தைத் தாண்டித் தோண்டிவிட்டார். பக்கத்துப் புறம்போக்கிலும் வெட்டியிருக்கிறார். பேசிய பணத்தில் 18 லட்சம் பாக்கி. கேட்டால் மிரட்டுகிறார். அதிகாரிகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. கனிமச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதா? அவர் மேல் கலெக்டரிடம் புகாரும் கோர்ட்டில் பண வழக்கும் போடப் போகிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

உங்கள் கடிதம் முழுக்க அவர் செய்த துரோகம்தான். சட்டத்துக்கு வேண்டியது அதில் ஒரே வரி: ‘அரசு குத்தகை என் பெயரில்’. கோப்பைப் பொறுத்தவரை குவாரி நடத்துபவர் நீங்கள். அவர் உங்கள் பவர் ஏஜென்ட். அவர் வெட்டியது நீங்கள் வெட்டியது.

சட்டத்தில் கடுமைக்குக் குறைச்சல் இல்லை. 1957-ஆம் ஆண்டு கனிமங்கள் சட்டத்தின் (எம்.எம்.டி.ஆர்.) 21-ஆம் பிரிவில், 2015 திருத்தத்துக்குப் பிறகு, ஐந்தாண்டு வரை சிறையும் ஹெக்டேருக்கு 5 லட்சம் வரை அபராதமும் உண்டு. உட்பிரிவு 5-ன்படி, அனுமதியில்லாமல் எடுத்த கனிமத்தின் விலையையும் வசூலிக்கலாம். ஒடிசா இரும்புத்தாது வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்த விலையை நூறு சதவீதமும் வசூலிக்கச் சொன்னது. ஓட்டை அமலாக்கத்தில் இருக்கிறது. 22-ஆம் பிரிவுப்படி, அதிகாரம் பெற்ற அதிகாரி எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால்தான் இந்தச் சட்டத்தின் கீழான குற்றத்தை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அந்த அதிகாரி பல நாள் சும்மா இருப்பார். நெருக்கடி வந்து கோப்பைத் திறக்கும் அன்று, முதல் பக்கத்தில் இருக்கும் பெயருக்கு நோட்டீஸ் அனுப்புவார். ஜே.சி.பி. ஓட்டியவன், லாரி வைத்திருந்தவன், பணம் பார்த்தவன் யாரும் அந்தப் பக்கத்தில் இல்லை. இது நியாயமில்லை என்று நானும் நினைக்கிறேன். ஆனால் நடப்பது இதுதான்.

புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அளக்க வருவார்கள். குழியின் நீள அகல ஆழத்தை அளந்து மொத்தக் கன மீட்டரைக் கணக்கிடுவார்கள். அதிலிருந்து நடைச்சீட்டு (கல்லை லாரியில் கொண்டுபோகத் துறை தரும் அனுமதிச் சீட்டு) வாங்கி வெளியே போன அளவைக் கழிப்பார்கள். மீதி அத்தனையும் ‘அனுமதியின்றி எடுத்தது’ என்று உங்கள் பெயரில் எழுதப்படும். உங்கள் குத்தகைக்கு முன்பே அங்கே பழைய குழி இருந்ததா? குத்தகை தொடங்கிய நாளில் குழியை அளந்த கணக்கு உங்களிடம் இல்லையென்றால் அதையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். பட்டாதாரர்கள் தொடர்ந்து சிக்குவது இங்கேதான். தொகையைக் கட்டாவிட்டால் 25-ஆம் பிரிவுப்படி நில வரி பாக்கி போல வசூலிக்கலாம். வீட்டு மனைக்கு ஜப்தி வருவது அந்த வழியில்தான்.

புறம்போக்கில் வெட்டியது இன்னும் மோசம். போலீஸ் தனியாகத் திருட்டு வழக்கே போடலாம் என்று 2014-ல் சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அபராதம் கட்டி இணக்கம் செய்துகொண்டால் கனிமச் சட்ட வழக்கு முடியும், திருட்டு வழக்கு முடியாது. இது 2020 ஜெயந்த் வழக்குத் தீர்ப்பு. ‘ஃபைன் கட்டியாச்சு, எல்லாம் முடிஞ்சுது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பண வழக்கு போட்டால் நீங்களே வாக்குமூலம் எழுதிக் கொடுத்ததாக ஆகும். ‘குத்தகை எனக்கு, குவாரி நடத்தியது அவர், எனக்குப் பங்கு’ என்று பிராதில் (வழக்கு மனுவில்) எழுதாமல் 18 லட்சம் கேட்க முடியாது. அதை எழுதினால், அரசு அனுமதியில்லாமல் குத்தகையைக் கைமாற்றியதை ஒப்புக்கொள்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவை எடுப்பார்: சட்டவிரோத ஒப்பந்தம், பணம் கேட்க உரிமையில்லை. வழக்கு தோற்கும். பிராது மட்டும் உங்களுக்கு எதிரான சாட்சியமாக நிற்கும்.

ஆகவே அந்த 18 லட்சத்தை மறந்துவிடுங்கள். கசப்பாகத்தான் இருக்கும். அவரிடம் சமரசம் பேசுங்கள், ஆனால் உங்கள் பாக்கிக்காகப் பேசாதீர்கள். அதிகமாக எடுத்த கல்லுக்கு வரப்போகும் தொகையை அவர் ஏற்க வேண்டும், அதற்கு ஈடாக ஒரு சொத்தை அடமானப் பத்திரமாகப் பதிவு செய்து தர வேண்டும். வெறும் ‘நானே பொறுப்பு’ பத்திரம் அரசைக் கட்டுப்படுத்தாது. நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும், நீங்கள் கட்டிவிட்டு அவரைத் துரத்த வேண்டும். கையில் ஈடு இருந்தால்தான் துரத்த முடியும். மூடி மறைக்கும் சமரசத்துக்கு நான் ஆள் இல்லை. பேச்சு நடக்கும்போதே தனியாக ஒரு சர்வேயரை வைத்து அளந்து, வேலை நிறுத்தப்பட்டதையும் எல்லை மீறலையும் நீங்களே துறைக்கு எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தை ஒரு வக்கீல் பார்த்த பிறகே அனுப்புங்கள். பிடிபட்டவர் சொல்வதற்கும் தானாக வந்து சொல்பவர் சொல்வதற்கும் நீதிமன்றத்தில் எடை வேறு.

குழியைச் சுற்றி உடனே வேலி போடுங்கள். மழைத் தண்ணீர் தேங்கிய குவாரிக் குழியில் ஒரு பிள்ளை விழுந்தால், சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்பது குத்தகைதாரரான நீங்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம், இது அப்படியல்ல.

பவரை இந்த வாரமே ரத்து செய்யுங்கள். அதில் பிரதிபலன் வாங்கிக்கொண்டு எழுதியதாக வாசகம் இருந்தால் ஏஜென்டுக்கே அந்தச் சொத்தில் உரிமை இருந்தால் பவரை ரத்து செய்ய முடியாது என்னும் ஒப்பந்தச் சட்டம் 202-ஆம் பிரிவைக் காட்டி அவர் எதிர்ப்பார், அதனால் பத்திரத்தை முதலில் வக்கீலிடம் காட்டுங்கள். ரத்துப் பத்திரம் பதிவானதும் நகலை மாவட்டக் கனிமவள உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து, இனி அவர் கையெழுத்தில் நடைச்சீட்டு தரக்கூடாது என்று எழுதி, தேதி முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.