எட்டாவது சீசனோடு நிறுத்தச் சொல்லலாமா?

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ தொடரைப் பார்த்து முடித்த இரவு தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. டெட் தன் பிள்ளைகளுக்கு அவர்களுடைய அம்மாவைச் சந்தித்த கதையை ஒன்பது சீசன் இழுத்துச் சொல்கிறான். கடைசியில் பார்த்தால் அம்மா இறந்து ஆறு வருடம், அவன் மனதில் இருப்பது பழைய காதலி ராபின். இது பச்சை ஏமாற்று என்கிறேன் நான். ரூமில் ஒருவன் நல்ல முடிவுதானே என்கிறான். இன்னொருவன் டிவிடியில் வந்த மாற்று முடிவைத்தான் கணக்கில் எடுப்பானாம். என் தங்கச்சி இப்போது ஐந்தாம் சீசனில் நிற்கிறாள். எட்டோடு நிறுத்திவிடு என்று அவளிடம் சொல்லலாமா?

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

சொல்ல வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் நான் இந்தத் தொடரை இரண்டாம் தடவை பார்த்தேன். லாப்டொப்பில் சார்ஜ் இருக்கும் வரைக்கும் இரண்டு எபிசோட், சில இரவு மூன்று. முதல் தடவை பார்த்தபோது எனக்கும் உங்களுக்கு வந்த அதே கோபம்தான் வந்தது. இரண்டாம் தடவை கோபம் போகவில்லை, ஆனால் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

அம்மா இறப்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அதைத் தொடர் முன்கூட்டியே சொல்லியும் விட்டது. ஒன்பதாம் சீசனின் 19வது எபிசோடைத் திரும்பப் பாருங்கள். 2024இல் டெட்டும், அந்த அம்மாவான ட்ரேசியும் ஃபார்ஹாம்டன் விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் சொல்ல மிச்சக் கதை இல்லை என்கிற அளவுக்குப் பழகிய தம்பதி. ராபினுடைய கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா வந்து சேர்ந்ததைப் பற்றிப் பேச்சு வருகிறது. மகளின் கல்யாணத்துக்கு வராமல் இருக்கிற அம்மா உண்டா என்று ட்ரேசி சாதாரணமாகக் கேட்கிறாள். டெட்டின் முகம் உடைகிறது. அவ்வளவுதான், வேறு ஒரு சொல் இல்லை. இதை எழுதத் தெரிந்தவர்கள்தான் அந்தக் கடைசி ஒரு மணித்தியாலத்தையும் எழுதினார்கள் என்பதுதான் என் வருத்தம்.

கணக்கைப் பாருங்கள். 2005இலிருந்து 2014வரை 208 எபிசோட். கடைசி சீசனில் 24. அதில் முதல் 22ம் டெட்டின் நண்பன் பார்னி – ராபின் கல்யாணம் நடக்கிற ஒரேயொரு வார இறுதி. மிஞ்சிய இரண்டுக்குள் 2013இலிருந்து 2030வரை வந்தாக வேண்டும். 22 எபிசோட் கட்டிக் காத்த கல்யாணம் 2016இல் முறிந்துவிட்டதாகச் சில நிமிடத்தில் அறிவிக்கிறார்கள். ட்ரேசியின் நோய்க்கு ஒரு கட்டில், பக்கத்தில் புத்தகம் வாசிக்கிற டெட், பின்னணியில் இரண்டு வசனம். செத்த வீடே கிடையாது. பிறகு உடனே டெட் கதை சொல்கிற 2030, அதே சோஃபா, அதே பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகள்தான் என் முழுப் பிரச்சினையும். கடைசிக் காட்சியில் அவர்கள் பேசுகிற பகுதி 2006இலேயே படம் பிடிக்கப்பட்டது. பிள்ளைகளாக நடித்தவர்கள் வளர்ந்துவிடுவார்களே என்று, தொடரை உருவாக்கிய கார்ட்டர் பேஸும் கிரெய்க் தாமஸும் முடிவை அப்போதே எடுத்துப் பூட்டி வைத்தார்கள். கிறிஸ்டின் மிலியோட்டி அம்மாவாகத் திரையில் வந்தது 2013இல். அதாவது, சோஃபாவில் இருந்து சிரித்துக்கொண்டு “அப்பா, இது அம்மாவின் கதையே இல்லை, உங்களுக்கு ராபின் ஆன்ட்டியைத்தான் பிடித்திருக்கிறது” என்ற பொருளில் பேசுகிற அந்த இருவருக்கும் தங்கள் அம்மா யாரென்றே தெரியாது. அவர்கள் முகத்தில் துக்கம் எப்படி வரும்? ஏழு வருடம் கழித்து வந்த ஒரு நடிகை, ஒரேயொரு சீசனில், அந்தப் பூட்டிய முடிவைவிடப் பெரிய மனுஷியாக அம்மாவை ஆக்கிவிட்டார். அந்த நேரம் பெட்டியைத் திறந்து முடிவை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

இவர்களுக்குத் துக்கத்தை எழுதத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதே சீசனின் 16வது எபிசோட், தொடரின் 200வது. ட்ரேசியின் இருபத்தோராவது பிறந்தநாளில், 2005இல், அவளுடைய காதலன் மேக்ஸ் இறந்துபோகிறான். அவளுக்கென்று அவன் வாங்கி வைத்த யூகலேலி மட்டும் கைக்கு வருகிறது. எட்டு வருடம் அவள் எவரையும் முழுதாக உள்ளே விடவில்லை. இன்னொருவன் மோதிரத்தை நீட்டும்போது வெளியே போய், காற்றில் நின்று, மேக்ஸிடம் அனுமதி கேட்கிறாள். ஒரே எபிசோடில் ட்ரேசிக்கு எட்டு வருட துக்கத்தைக் கொடுத்தவர்கள் டெட்டின் ஆறு வருடத்துக்கு ஆறு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. ராபினிடம் அவன் போவது எனக்குப் பிழையாகப் படவில்லை. ஆனால் ட்ரேசி மேக்ஸிடம் கேட்டதுபோல அவனும் ட்ரேசியிடம் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும், பிள்ளைகளிடம் மட்டும் கேட்டால் காணாது.

இது எனக்கு வெறும் டிவி விஷயமாக இல்லாமல் போனதற்கு அப்பா காரணம். அம்மா போய் ஏழு வருடம். எட்டுச் செலவு முடிந்தது, அந்தியேட்டி முடிந்தது, நினைவுப் புத்தகமான கல்வெட்டு அடித்து எல்லாருக்கும் கொடுத்தோம், அதற்குப் பிறகுதான் அப்பா கதை சொல்லத் தொடங்கினார். பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் அம்மாவை முதன்முதல் கண்ட கதை. செருப்பு களவு போய்விடும் என்ற பயத்தில் அம்மா அதைப் பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாமி கும்பிட்டாராம். அந்தச் செருப்பு சிலநேரம் மண்ணிறம், சிலநேரம் கறுப்பு, போன தீபாவளிக்குச் சிவப்பு. நானும் தம்பியும் திருத்துவதில்லை. டெட்டும் அப்படித்தானே, ஒரு காதலியின் பெயர் ஞாபகமில்லாமல் ‘ப்ளா ப்ளா’ என்றே சொல்லிக்கொண்டு போவான், ஆட்டுக்குட்டிக் கதையை எந்தப் பிறந்தநாளில் நடந்தது என்று குழப்புவான். அப்பா நாளைக்கு இன்னொருவரோடு வாழப்போகிறேன் என்று வந்து நின்றால் நான் சம்மதிப்பேன், மனதாரச் சம்மதிப்பேன். ஆனால் அவர் அந்தச் செருப்புக் கதையைச் சொன்னதே அதற்கு வழி பார்க்கத்தான் என்று யாராவது சொன்னால் எழும்பிப் போய்விடுவேன். கடைசிக் காட்சியில் அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு சொன்னது அதைத்தான்.

மாற்று முடிவைப் பற்றி உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: 2014 செப்டம்பரில் முழுத் தொகுப்போடு வந்த அது, ரயில் நிலையத்தில் இருவரும் சந்திப்பதோடு முடிகிறது, ட்ரேசி சாவதில்லை. பார்க்க இதமாக இருக்கும். ஆனால் அதை எடுத்துக்கொண்டால் விடுதியில் டெட்டின் முகம் ஏன் உடைந்தது என்பதற்குப் பதில் இல்லாமல் போய்விடும். அதனால் எனக்கு அதுவும் வேண்டாம்.

சரி, தங்கச்சிக்கு வருவோம். எட்டோடு நிறுத்தினால் ட்ரேசியை அவள் பார்க்கவே மாட்டாள், அந்த எட்டாம் சீசனின் கடைசி எபிசோடில் மஞ்சள் குடையோடு டிக்கெட் கவுண்டரில் நிற்கிற ஒரு நொடியைத் தவிர. அது அநியாயம். ஒன்பதாம் சீசனில் தொங்குகிற எபிசோட்கள் உண்டு, அவற்றை ஓட்டிவிட்டாலும் பரவாயில்லை. 16ம் 19ம் மட்டும் விடக்கூடாது. கடைசி இரண்டையும் பார்க்கும்போது பக்கத்தில் இருங்கள். ரயில் நிலையத்தில், மழையில், குடைக்குக் கீழே டெட்டும் ட்ரேசியும் அது யாருடைய குடை என்று வாதாடுகிற இடம் வரும். அதுவரைக்கும் ஒன்றும் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகு அவள் லாப்டொப்பை மூடினால் மூடட்டும், நீங்கள் திறக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா