மாமாவின் சோபாவும் மூன்று டின் பால்மாவும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, என் மாமனாருக்கு வயது 76. துறைமுகத்தில் சுமை தூக்கிப் பிழைத்தவர். போன வருஷம்வரை ஐந்து கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடையிலிருந்து நடந்தே வருவார். ஆறு மாதத்துக்கு முன் டெங்கிக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் படுத்தார். அதிலிருந்து தொடை சுருங்கிப்போய்விட்டது. சோபாவிலிருந்து எழ மூன்று தடவை எம்ப வேண்டியிருக்கிறது. நானும் பணிப்பெண்ணும் எல்லாவற்றையும் கைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மூத்தோருக்கான பால்மாவு மாதம் மூன்று டின் ஆகிறது, ஆனால் தேறவில்லை. “வயசானா அப்படித்தான்” என்கிறார் என் கணவர். தசையிழப்பு பற்றி இங்கே சிங்கப்பூரில் நிபுணர்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று செய்தியில் பார்த்தேன். மாத்திரை ஏதும் வந்துவிட்டதா? மாமாவையும் ஓர் ஆய்வில் சேரச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறார்கள். “என்னை எலியாக்கப் பார்க்கிறீங்களா?” என்று கோபப்படுகிறார். நான் என்ன செய்யட்டும்? – ஒரு மருமகள், ஈசூன்.

பதில்: அன்புத் தங்கைக்கு,

மாத்திரை வரவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. பிமாக்ருமாப் என்று ஒரு ஊசி மருந்து. தசை வளர்ச்சிக்கு உடம்பு போடும் பிரேக்கைத் தளர்த்துவதுதான் அதன் வேலை. அதை வயதானவர்களுக்கு 24 வாரம் கொடுத்துப் பார்த்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். தசை கூடியது உண்மை. ஆனால் நடப்பதிலும் எழுவதிலும், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட அவர்கள் ஒன்றும் முந்திவிடவில்லை. ஏன் தெரியுமா? இரண்டு குழுவுக்கும் புரதச் சத்தும் வீட்டிலேயே செய்யும் உடற்பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். மருந்தில்லாதவர்களும் அதிலேயே தேறிவிட்டார்கள்! அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். முப்பது வருஷம் தாதியாக வேலை பார்த்தவள் நான். நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைப்பதற்குள் எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பேன்.

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. வயதாக ஆகத் தசை குறையும், எல்லாருக்கும். வேகமாக இயங்கும் நார்கள்தான் முதலில் மெலியும். தடுக்கினால் சட்டென்று காலை ஊன்றுவது, உட்கார்ந்த இடத்திலிருந்து எம்பி எழுவது எல்லாம் அவற்றின் வேலை. தசை குறைவதைவிட வலு இன்னும் வேகமாகக் குறையும். அதனால் பார்க்க ஆள் அப்படியே இருப்பார், எழும்போதுதான் குட்டு வெளிப்படும். இந்தக் குறைபாட்டுக்கு 1980களின் கடைசியில் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் ‘சார்க்கோபீனியா’ என்று பெயர் வைத்தார். கிரேக்கச் சொல், சதைக்கு வந்த பஞ்சம் என்று பொருள். உங்கள் ஈசூனிலேயே ஆய்வாளர் வீ ஷியோ லியாங் குழுவினர் வீட்டுக்கு வீடு ஆளெடுத்துச் சோதித்தபோது, 60 தாண்டியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இது இருந்தது. ஆக, உங்கள் புளோக்கில் மாமா ஒருவருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது.

ஆனால் உங்கள் மாமாவுக்கு ஆறு மாதத்தில் நடந்தது வயதின் வேலை மட்டும் இல்லை. அந்த ஒன்பது நாள் இருக்கிறதே, அதுதான். 2007இல் வந்த ஓர் ஆய்வில், நோய் நொடி இல்லாத பன்னிரண்டு மூத்தவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். சராசரி வயது 67. வேளாவேளைக்குச் சாப்பாடு. பத்தாவது நாள் அளந்தால், காலில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை காணவில்லை. காய்ச்சலே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி என்றால், டெங்கியில் சாப்பாடு இறங்காமல் கிடந்தவருக்கு எவ்வளவு போயிருக்கும்? இளவட்டம் படுத்தால் எழுந்து ஓடியாடி மீட்டுவிடும். 76இல் உடம்பு தானாக மீட்டுத் தராது, வேலை வைத்துக் கேட்டால்தான் தரும்.

கேட்டால் தரும் என்பதற்கு என்னிடம் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியடரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். சராசரி வயது 90. அவர்களைக் கால் எடைப்பயிற்சியில் இறக்கினார், அதுவும் பூப்போலத் தூக்கும் எடை இல்லை, நிஜமாகவே கனமான எடை. எட்டு வாரத்தில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். 1994இல் அவரே நூறு பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வு உங்கள் கேள்விக்கென்றே நடந்த மாதிரி இருக்கும். சிலருக்குப் பயிற்சி மட்டும், சிலருக்குச் சத்துப் பானம் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பயிற்சி செய்தவர்களுக்கு வலு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் மூன்று டின் பாலின் கதை இதுதான், தங்கை. பால் குற்றம் செய்யவில்லை. செங்கல் இறக்கிப் போட்டுவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடாமல் இருக்கிறீர்கள். இன்னொன்றும் கவனியுங்கள். காலையில் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை என்று குடித்துவிட்டு மாமா சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைக்கிறாரா? அப்படியென்றால் டின் வாங்கும் காசும் வீண்.

அடுத்து நான் சொல்வது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். கைக்கே கொண்டுபோய்க் கொடுப்பதை நிறுத்துங்கள். பாசம் என்று நினைத்துத்தான் செய்கிறீர்கள், தெரியும். எங்கள் வீட்டில் நானும் இதே தப்பைச் செய்தேன். இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வந்த என் அம்மாவின் கட்டில் பக்கத்திலேயே தண்ணீர், டிவி ரிமோட், வெற்றிலைப் பெட்டி எல்லாம் அடுக்கினேன், தாதி வேலை பார்த்த நானே. மூன்று மாதத்தில் அம்மா குளியலறைக்குப் போகவே என் தோளைப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுகிறார் என்று மாமாவை எண்ணிப் பாருங்கள். தண்ணீர்ச் செம்பைச் சமையலறையிலேயே வையுங்கள். ரிமோட்டை டிவி பக்கத்தில் வையுங்கள். பணிப்பெண்ணுக்கும் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் நீங்கள் வேலைக்குப் போனதும் செம்பு சோபாவுக்கு வந்துவிடும்.

பயிற்சிக்கு எழுந்து உட்காருவதையே எடுத்துக்கொள்ளலாம். சுவரை ஒட்டி, கைப்பிடி உள்ள கெட்டியான நாற்காலி. சோபா வேண்டாம், புதைகுழி அது. உட்காரும் இடத்தில் முதலில் இரண்டு மெத்தைத் திண்டு போட்டு உயர்த்திக்கொடுங்கள். பாதம் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரே வரும்வரை குனிந்து, அப்புறம் எழ வேண்டும். இறங்கும்போது பொத்தென்று விழக் கூடாது, மூன்று எண்ணி மெதுவாக. அந்த மெதுவில்தான் பாதி பலன். எட்டுப் பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. வாரத்தில் மூன்று நாள் போதும். சுலபமானதும் ஒரு திண்டை எடுங்கள், அப்புறம் மற்றதை. அதுவும் சுலபமானால் ஒரு கிலோ பருப்புப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழட்டும். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லையென்றால் தசைக்குச் செய்தி போகவில்லை என்று அர்த்தம். “தினமும் கோயில்வரை நடக்கிறாரே” என்பீர்கள். நடக்கட்டும், இதயத்துக்கு நல்லது. தொடைக்கு அது போதாது. நெஞ்சுவலி, தலைசுற்றல், குடலிறக்கம் ஏதாவது இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

சாப்பாட்டில் நம் வீடுகளில் ஒரு கோணல் உண்டு. காலையில் இட்லி, மாலையில் தேநீரும் ரொட்டியும், இரவில் தோசை. மீனோ பருப்போ மத்தியானம் மட்டும். வயதான உடம்பு ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் புரதம் கேட்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்கு 60 முதல் 72 கிராம் வரை என்று மூத்தோர் சத்துணவு நிபுணர்கள் சொல்கிறார்கள். இரண்டு முட்டை 12 கிராம். உள்ளங்கை அளவு மீன் ஏறத்தாழ 20 கிராம். சைவம் என்றால் சோயாவில் செய்த தவ்வும் தெம்பேயும் இருக்கின்றன. புளிக்குழம்பில் தெம்பே போட்டுப் பாருங்கள், மீன் இல்லாத குறை தெரியாது. மாலைக்குச் சுண்டல். ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகை வாசலில் நம் ஆட்கள் விற்ற கச்சாங் பூத்தே ஞாபகம் இருக்கும் மாமாவுக்கு, அந்தக் கடலை வகைதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. நீரிழிவு உள்ள வீடுகளில் இதைச் சோதிக்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் பதிந்த குடும்ப மருத்துவர் இருப்பார் இல்லையா, அவரிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு வெளியே வழியும் இருக்கிறது. 65 ஆன குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசின் ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக் கூடத்தில் நுழைவு இலவசம். லியன் அறநிறுவனம் தொடங்கிய ஜிம் டானிக் திட்டத்தில், காற்றழுத்தத்தில் இயங்கும் பின்லாந்து இயந்திரங்கள் உண்டு. இரும்புத் தட்டு கிடையாது, எடையைத் துளித்துளியாகக் கூட்டலாம். அப்படி ஓர் இடத்தில் சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பாட்டி காலால் உதைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அட்டையைத் தட்டினார், இயந்திரம் அவருடைய எடையை அதுவாகவே வைத்துக்கொண்டது, உஸ்ஸ் என்று காற்று போக, “போன மாசத்தைவிடக் கூட” என்று பக்கத்துச் சீனப் பாட்டியிடம் மலாயில் பெருமையடித்துக்கொண்டார்.

இனி அந்த ஆய்வுத் தாள். சிங்கப்பூரில் இந்தத் துறை சும்மா பேருக்கு நடக்கவில்லை. தசையிழப்பைக் கண்டறிய ஆசிய உடம்புக்கென்று அளவுகோல் வகுத்த நிபுணர் குழுவில் டான் டோக் செங் மருத்துவமனையின் லிம் வீ ஷியோங் இருந்தார். ஆய்வாளர் இங் ட்சே பின் குழுவினர் இங்குள்ள, தளர்ந்த அல்லது தளரத் தொடங்கிய 246 மூத்தோரைச் சத்துணவு, பயிற்சி எனப் பிரித்து ஆறு மாதம் கவனித்து, தளர்ச்சியைத் திருப்ப முடியும் என்று 2015இல் காட்டினார்கள். இந்த ஆய்வுகளிலெல்லாம் நம்மவர்கள் கொஞ்சம் பேர்தான் வருவார்கள், மக்கள்தொகையில் இந்தியர்கள் நாம் 9 சதவீதம்தானே. அதிலும் பாதிப் பேர் “எலியா நான்?” என்று கேட்டுவிட்டால், நம் உடம்புக்கு வேறு யாருடைய அளவையோ வைத்துத்தான் பார்ப்பார்கள். சதை குறைவாகவும் கொழுப்பு கூடவும் இருக்கிற உடம்பு நம்முடையது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர வேண்டாம். இது மருந்துச் சோதனையா, பயிற்சியா, அளந்து பார்ப்பது மட்டுமா என்று முதலில் கேளுங்கள். அளப்பது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சில நிமிடம் படுக்கவைத்து ஸ்கேன் எடுப்பார்கள், ஆறு மீட்டர் நடக்கச் சொல்வார்கள், ஐந்து தடவை உட்கார்ந்து எழச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்று கணக்கு. மருந்து என்றால் பக்கவிளைவு என்ன, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். நடுவில் வேண்டாமென்று விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம், தயங்காதீர்கள். கையெழுத்தை மாமாவே போடட்டும்.

கைப்பிடி வலுவை அளக்க ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள். ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே போனால் குறைவு. வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கியவரிடம் “தாளில் கையெழுத்துப் போடுங்க” என்று ஆரம்பிக்காமல், அந்தக் கருவியைக் கையில் கொடுத்து “எவ்வளவு காட்டுது, அழுத்திப் பாருங்க மாமா” என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.