ஹோட்டன் சமவெளிக்கு இருட்டோடு கிளம்பத்தான் வேண்டுமா?

மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஜனவரி கடைசியில் அம்மா, பத்து வயது மகளோடு இரண்டு நாள் நுவரெலியாவில் தங்கப்போகிறோம். மகளுக்குப் பறவைகள் என்றால் உயிர். பேசிவைத்த வழிகாட்டி, ஹோட்டன் சமவெளிக்கு விடிய நாலரைக்கே கிளம்ப வேண்டும் என்கிறார். அந்தக் குளிரில் அது தேவையா? வழிகாட்டி இல்லாமல் நாங்களே பார்க்க முடியாதா?"

வழிகாட்டியை ஒரு விடியலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த விடியலுக்கு அவர் சொன்ன நேரத்துக்கே கிளம்புங்கள். மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நாலரைக்குக் காரணம் ஒரு பறவை. இலங்கைச் சீகாரப் பூங்குருவியை, பறவை பார்க்கிறவர்கள் 'அரெங்கா' என்றே சொல்வார்கள். இலங்கை மலைநாட்டை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. இங்கேயும் அருகிக்கொண்டு வருகிறது. ஆண் கருநீலம், தோளில் மட்டும் பளிச்சென்று ஒரு நீலத்திட்டு. காட்டோடை ஓரங்களில் தவளை, நத்தை, பூச்சி என்று தேடித் தின்னும். நன்றாக விடியும் முன்னும், பொழுது சாயும்போதும்தான் கொஞ்சம் வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் புதருக்குள்தான்.

பட்டிப்பொல பக்கத்து நுழைவாயிலைத் தாண்டி, பார்வையாளர் நிலையமான 'பார் இன்' (Farr Inn) நோக்கிப் போகும் வீதியோரத்தில் அரெங்கா குளம் என்று ஒரு சின்னக் குளம் இருக்கிறது. இந்தக் குருவிக்குப் பெயர்போன இடம் அதுதான். வாயில் திறப்பது காலை 6 மணிக்கு. ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடும். இடையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் உங்கள் வாய்ப்பு. நுவரெலியாவிலிருந்து 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. வளைவும் பனிமூட்டமும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். டிக்கெட் வரிசையில் முன்னால் நிற்கவும் வேண்டும். கணக்குப் பாருங்கள், நாலரை நியாயமான நேரம்தான். அத்தனையும் செய்தும் மெல்லிய விசில் சத்தம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப நேரலாம். அதை மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வாவிக்கரையில் கொக்கும் நீர்க்காகமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மலைக்காடு முதலில் வெறுமையாகத்தான் தெரியும். அரை மணி நேரம் நடந்தாலும் ஒரு சிறகு அசையாது. திடீரென்று ஒரே மரத்தில் வெள்ளைக்கண்ணி, ஈபிடிப்பான், மின்சிட்டு, மரமேறிக் குருவி என்று ஐந்தாறு இனம் கலந்து வந்து இறங்கும். கூட்டமாகப் போனால் வல்லூறைக் கவனிக்கக் கண்கள் அதிகம். ஒன்று கிளப்பிவிடும் பூச்சி இன்னொன்றின் வாயில் விழும். அதனால்தான் அப்படித் திரிகின்றன. ஆகவே இங்கே நடந்து தேடுவதை விட ஓரிடத்தில் நிற்பது பலன் தரும். வந்த கூட்டத்தை விட்டுவிட்டு அடுத்த வளைவுக்கு ஓடாதீர்கள்.

உலக முடிவு (World's End) என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்புக்குப் போய்வரும் வட்டப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அம்மாவை அதில் இழுக்க வேண்டாம். பறவைக்காக அது தேவையுமில்லை என்பது என் கருத்து. வீதியோரமும் பார் இன் சுற்றுப்புறமுமே போதும். காட்டுக்கோழி வீதிக்கே வந்து மேயும். மஞ்சள்காதுச் சின்னானும் மங்கல்நீல ஈபிடிப்பானும் ஆளைக் கண்டு அவ்வளவாகக் கூச்சப்படுவதில்லை. வேனைப் பறவைகள் பெரிதாகச் சட்டை செய்யாது, அம்மா உள்ளேயே இருந்து பார்க்கலாம். எப்படியும் பத்து மணிக்குள் மூட்டம் ஏறிவிடும்.

அன்று பின்னேரம் விக்டோரியா பூங்கா. ஊர் நடுவில், கடைவீதிச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு வரும் கறுப்புவெள்ளைப் பூங்குருவி, காஷ்மீர் ஈபிடிப்பான், ஆறுமணிக்குருவி மூன்றும் குளிர்காலத்தில் இங்கே தங்கும். பூங்காவுக்குள் ஓடும் நீரோடை ஓரம் நாலரை, ஐந்து மணிக்குப் போய் உட்காருங்கள். ஓடையில் குப்பை கிடக்கும், வாடையும் அடிக்கலாம். பூங்குருவிக்கு அந்த ஈரச்சருகு இருந்தால் சரி. இதற்கு வழிகாட்டி தேவையில்லை, பொறுமை போதும்.

மறுநாள் அம்மா எப்படியும் சீதா எலிய கோயிலுக்குப் போக வேண்டும் என்பார். அதைத் தாண்டினால் ஹக்கல தாவரவியல் பூங்கா. மலேரியா மருந்து எடுக்கும் சின்கோனா மரத்தை 1861இல் வளர்க்க ஆரம்பித்த இடம், பின்னால் மலைக்காடு. பழம் பழுத்த உயர மரங்களை அண்ணாந்து பார்த்தால் இலங்கைக் காட்டுப்புறா கிடைக்கலாம்.

வழிகாட்டிக்கு முற்பணம் கொடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவாரா? "ஓம், உடனே வரவைக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். அந்தக் குரலைப் போட்டியாளனென்று நம்பி, தீனியை விட்டுவிட்டுப் பறவை சண்டைக்கு வரும். அரெங்காவுக்கு ஆண்டின் முதல் மாதங்கள் கூடு கட்டும் காலம் வேறு. அந்த ஒரு குளத்துக்கே தினமும் ஆட்கள் வந்து இப்படிச் செய்தால் அது என்ன ஆகும்?

பைனாகுலர் வாங்குவதானால் 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்வில்லை 42 மில்லிமீட்டர். பெரிது பெரிதாகத் தெரியும் என்று 10 மடங்கு, 12 மடங்கு எடுத்தால் பிள்ளையின் கையில் ஆடும். கைக்கடக்கமான 8×21 காட்டு இருட்டில் மங்கும். உடுப்பை அடுக்கடுக்காகப் போடுங்கள், அந்த மாதத்தில் சமவெளியில் உறைபனி விழுவதுண்டு. வெள்ளையும் பளபளக்கும் சிவப்பும் வேண்டாம். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும், காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. வாயிலில் பையைத் திறந்து பார்த்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். காலைச் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள். லன்ச் சீட் என்கிற பொலித்தீன் தாளில் சுற்றினால் அங்கே நின்று பிரித்து மாற்றவே அந்தக் கொஞ்ச நேரமும் போய்விடும்.