அப்பாவக் கதிரையில இருத்தி வைக்காதீங்க

கேள்வி: அக்கா, எங்கட அப்பாக்கு 76 வயசு. டிமென்சியா, அதான் மறதி வருத்தம், எண்டு சொல்லி ரெண்டு வருசம். போன மாசம் மட்டும் ரெண்டு தரம் விழுந்திட்டார், ஒருக்கா கிணத்தடியில, மற்றது ராவில கக்கூசுக்குப் போகக்குள்ள. முறிவு ஒண்டும் இல்ல, ஆனா பயத்தில அவர எழும்ப விடாமக் கதிரையிலயே இருத்தி வச்சிரிக்கம். எக்சர்சைஸ் எண்டு சொன்னாக் கோவப்படுறார். முந்தி ஊர்ல வடமோடிக் கூத்து ஆடின ஆள், இப்ப இப்பிடி. என்ன செய்ற?
- வாசகி, ஆரையம்பதி

பதில்: தங்கச்சி, கூத்து ஆடின ஆள் எண்டு கடைசியில எழுதியிரிக்கிறீங்களே, அதுக்குள்ளதான் மறுமொழியே இரிக்கு.

முதல்ல அந்தக் கதிரை. உங்கட பயம் விளங்குது, ஆனா நாள் முழுக்க இருந்தா தொடைச் சதை கெதியாக் கரைஞ்சிரும், பிறகு மூத்திரம் முட்டி அவரா எழும்புவார்தானே, அப்ப கால் தாங்காது, இன்னும் மோசமா விழுவார். இந்த வருத்தக்காரர் மற்ற வயசாளிகள விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விழுறவங்க. மறதியால மட்டும் இல்ல, தூரம் மட்டுக்கட்ட ஏலாது, திரும்பக்குள்ள கால் பின்னும். நடக்கக்குள்ள "அப்பா சோறு திண்டீங்களா" எண்டு கேட்டா நிண்டிருவார், பாத்திருப்பீங்க. அது அடம் இல்ல, நடையையும் கதையையும் ஒண்டாச் செய்ய அவர்ட மூளைக்கு ஏலாது. நடக்கிற நேரம் தயவு செய்து கேள்வி கேக்காதீங்க.

இனிக் கூத்து. பேரும் முகமும் மறந்தாலும் கால் பழகினது லேசில போகாது. நான் பாத்த ஒரு ஐயாக்குப் பேரப்பிள்ளைர பேர் தெரியாது, சும்மா பாத்துக்கொண்டே இருப்பார், மேசையில விரலால தாளம் தட்டத் தொடங்கினா அவர்ட குதிக்கால் தன்பாட்டில எழும்பும், ரெண்டாவது தட்டுக்கு முகமே மாறிரும். எக்சர்சைஸ் எண்ட சொல்லையே விட்டிருங்க. குசினி மேசையையோ ஜன்னல் கம்பியையோ ரெண்டு கையாலயும் பிடிக்க வச்சு, நீங்க பக்கத்தில நிண்டு தாளக்கட்டச் சொல்லிச் சொல்லிக் குதிக்கால உசத்துங்க, பாத்துச் செய்வார். பிறகு பக்கவாட்டில ரெண்டு அடி அங்கால, ரெண்டு அடி இங்கால. சுத்தி ஆடுறதும் குதிக்கிறதும் வேணாம். தேத்தண்ணி குடுக்க முதல் கை வச்ச கதிரையில இருந்து அஞ்சு தரம் எழும்பி இருக்கச் செய்யுங்க, கையப் பிடிச்சு இழுக்காதீங்க, அவரே முன்னால சரிஞ்சு எழும்பட்டும். பத்து நிமிசம் போதும், நாளாந்தம் அதே நேரம். 65 வயசு தாண்டினவங்களுக்குக் கிழமையில 3 நாளாவது நிலை தடுமாறாமக் காக்கிற பயிற்சி வேணும் எண்டு உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது.

ஒண்ட மறைக்கக் கூடாது, இதால மறதி மாறாது. இங்கிலாந்தில இந்த வருத்தம் உள்ள 494 பேர 4 மாசம் நல்லாப் பயிற்சி செய்ய வச்ச ஆய்வு 2018ல வந்தது, உடம்பு பலமானது, ஞாபகம் கூடயில்ல. ஆனா பின்லாந்தில வீட்டுக்கே போய்க் கிழமைக்கு ரெண்டு தரம் ஒரு வருசம் செய்ய வச்சவங்க, செய்யாதவங்கள விடக் குறைவா விழுந்திரிக்காங்க. நமக்கு வேண்டியது அதுதானே.

ஒரு மாசத்தில ரெண்டு தரம் விழுந்தவர் எண்டபடியா, தொடங்க முதல் கட்டாயம் கிளினிக்கில காட்டுங்க. படுக்கக்குள்ள ஒருக்கா, எழும்பி நிண்டாப்போல ஒருக்கா பிரஷர் பாக்கச் சொல்லுங்க, நித்திரைக் குளிசை ஏதும் இரிந்தா அதையும் சொல்லுங்க, அதுகளாலயும் விழுவாங்க. அப்பிடியே பெரியாஸ்பத்திரி பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லி ஒரு துண்டு எழுதி வாங்குங்க.

ராவில கக்கூசு வழிக்கு லைட்ட அணைக்காதீங்க. வாசல்ல கறுப்புக் கால்மிதி கிடந்தா எடுத்திருங்க, அவர்ட கண்ணுக்கு அது குழியாத் தெரியலாம். கிணத்தடிப் பாசியத் தேச்சுக் கழுவுங்க. சாரனக் கணுக்காலுக்கு மேல உசத்திக் கட்டி விடுங்க, தொளதொள எண்ட பாட்டா செருப்பு வேணாம்.

கேள்வி: அம்மா விழுந்தா உடன தூக்கலாமா?
- வாசகர், காரைதீவு

பதில்: வேணாம் தம்பி. முதல்ல பக்கத்தில இருந்து ஆறுதலாக் கதைங்க. ஒரு கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பி இரிந்தா இடுப்பு முறிஞ்சிரிக்கலாம், அசைக்காம 1990 அம்புலன்சுக்கு அடிங்க. தலை அடிபட்டு, ரத்தம் உறையாத குளிசையும் எடுக்கிறவ எண்டா, காயம் தெரியாட்டியும் அண்டைக்கே ஆஸ்பத்திரி.