ட்ரோன் பறந்தால் சிக்னல் வருமா?

? மழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் இரண்டு, மூன்று நாள் இணையம் இருப்பதில்லை. தானாகவே பறக்கிற ட்ரோன்களில் வைஃபை கட்டி, ஒன்று மாற்றி ஒன்றாக மேலே நிறுத்தினால் எஸ்டேட் முழுக்கக் கிடைக்காதா?
– காப்பித் தோட்டக்காரர், நாகலூர் (ஏற்காடு)

கிடைக்கும். கணக்கைப் பார்த்தபிறகு ஆசை குறையும். வைஃபை ரேடியோவையும் சேர்த்து 6 கிலோ எடையுள்ள ட்ரோன் அந்தரத்தில் நிற்கவே சுமார் 1 கிலோவாட் வேண்டும். சேலத்தில் 30 நிமிடம் நிற்பது, 1,500 மீட்டர் உயரத்தில் காற்று லேசாக இருப்பதால் 28 நிமிடம்தான் தாங்கும். கால்வாசி பேட்டரி மிச்சம் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். ஆக, வேலைக்கு உதவுவது 20 நிமிடம். ஒரு நாளைக்கு 72 ஏற்றம். பேட்டரி 300 தடவை சார்ஜ் தாங்கும் என்றால், நாலு நாளுக்கு ஒன்றைத் தூக்கிப் போட வேண்டும்.

மாற்றிவிடும்போதுதான் இணைப்பு அறுபடும். இரண்டாவது ட்ரோன் ஏறி, ரேடியோ லைன் பிடித்தபிறகே முதலாவது இறங்க வேண்டும். இரண்டுக்கும் 10 மீட்டராவது உயர வித்தியாசம் இருக்கட்டும். ட்ரோன் தானாகத் திரும்பி வருவதற்கு நீங்கள் குறித்துவைக்கும் உயரத்தையும் கவனியுங்கள். அது பெரும்பாலும் கிளம்பிய இடத்திலிருந்து கணக்காகும். பள்ளத்தில் நின்று 40 மீட்டர் என்று வைத்தால், மேட்டில் நிற்கிற சில்வர் ஓக் மரத்தின் உச்சி அதற்கும் மேலே இருக்கும். நேராகப் போய்க் கொப்பில் மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, ட்ரோன் இணையத்தை உண்டாக்காது. லைன் உயிரோடு இருக்கிற இடத்திலிருந்து வாங்கிக் கொடுக்கும், அவ்வளவே. 5.8 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் 5 கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் பார்வைக்கோட்டைச் சுற்றி 5 மீட்டராவது மரம் மட்டை இல்லாமல் இருக்க வேண்டும். மரங்களுக்கு நடுவே எதிர்முனை தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள், மழையில் இலை நனைந்ததும் லைன் போச்சு என்பார்கள்.

எங்களைக் கேட்டால், ட்ரோனை ஒரே ஒரு நாள் பறக்கவிடுங்கள். கேமராவில் எதிர்முனை தெரிகிற உயரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த மேட்டில் கம்பம் நடுங்கள். மலையே பாதி டவர்தானே! கம்பத்து ரேடியோ 10 வாட் தின்னும். நாளுக்குக் கால் யூனிட். ட்ரோனுக்கு 24 யூனிட்.

? வயர் கட்டிய ட்ரோன் நாள் கணக்கில் நிற்குமாமே?
– வாசகி, சூரமங்கலம்

நிற்கும். 2017-ல் மரியா புயலுக்குப்பின் போர்ட்டோ ரிகோவில் ஏடி அண்ட் டி என்ற அமெரிக்க செல்போன் நிறுவனம் இப்படித்தான் செல்போன் சேவை கொடுத்தது. 1 கிலோவாட்டை 24 வோல்ட்டில் அனுப்பினால் 42 ஆம்பியர். அதற்கு வேண்டிய தடித்த வயரை ட்ரோனால் தூக்க முடியாது. 400 வோல்ட் என்றால் 2.5 ஆம்பியர், மெல்லிய வயர் போதும். மேலே போனதும் வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். ஜெனரேட்டர் நின்றால் பத்திரமாக இறங்க இரண்டு, மூன்று நிமிடத்துக்கான சிறு பேட்டரியும் மேலே இருக்க வேண்டும். காற்று பலமானால் வயரே ட்ரோனை இழுக்கும். சித்திரை, வைகாசி இடிமழையில் மட்டும் இதை மேலே விட்டுவைக்காதீர்கள், வயர் இடிதாங்கியாகிவிடும்.

? வைஃபைக்குப் பதில் 4ஜி பூஸ்டரைக் கட்டலாமா? அனுமதி வேண்டுமா?
– மாணவர், கொட்டச்சேடு

பூஸ்டர் கூடாது. செல்போன் அலைவரிசை உரிமம் பெற்ற நிறுவனங்களுடையது. தனியார் பூஸ்டர் வைப்பது குற்றம், பக்கத்து டவரையும் கெடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு அந்தத் தொல்லை இல்லை. ட்ரோனுக்கு, 2021 விதிகளின்படி பதிவு எண்ணும், 2 கிலோவுக்கு மேல் என்றால் பைலட் சான்றிதழும் வேண்டும். முன் அனுமதி கேட்க வேண்டாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 200 அடிதான். ஏற்காடு மலையின் மேற்குச் சரிவில் இருப்பவர்கள் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தை அன்றன்றைக்கே பார்த்துவிட்டுக் கிளப்புங்கள்.